மாதிரி அக்கா

அழுவதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று உலகத்தில் உண்டென்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், தையல்காரி பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பாள். கால்சட்டைக்கு ஓரம் மடிப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது என்று பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். அழுகையெல்லாம் சொந்தச் செலவில் செய்துகொள்கிற காரியம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவள் சமூகப்பணிப் பயிற்சி மையத்தில் தரை துடைக்கிற பெண். சீருடையில் கையைக் குறைக்க வந்தவள், அளவு கொடுத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அங்கே படிக்கிற பிள்ளைகள் நாளைக்கு வீடு வீடாகப் போய் ஜனங்களின் கஷ்டத்தைக் கேட்க வேண்டியவர்கள். எடுத்த எடுப்பில் அனுப்பினால் உளறிக் கொட்டிவிடுவார்கள் என்று, முதலில் ஓர் அறையில் ஆளை உட்காரவைத்துக் கேட்கப் பழக்குகிறார்கள். முடிவெட்டக் கற்கிறவனுக்கு ஒரு தலை வேண்டுமில்லையா, அதுமாதிரி இவர்களுக்கு ஒரு கஷ்டம் வேண்டும். முன்பு இருந்தவள் வேலையை விட்டுப் போய்விட்டாளாம்.

"கஷ்டப்படறவ மாதிரி பேசணும்க்கா, அவ்வளவுதான்," என்றாள்.

மாதிரி எதற்கு என்று தையல்காரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். எல்லாரும் தைத்த துணியாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிற காலம். மிஷின் சும்மா கிடக்கும் நாட்கள் கூடிக்கொண்டே போயின. சரி என்று போனாள்.

அறை ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு நாற்காலி, நடுவில் குட்டி மேசை, மேசைமேல் மெல்லிய காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஒரு பக்கச் சுவரில் பாதிக்குமேல் கறுப்புக் கண்ணாடி. அந்தப் பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், இந்தப் பக்கமிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும். அதற்குப் பின்னால் உட்கார்ந்து மார்க் போடுகிற பயிற்சியாளருக்குத் தையல்காரி வைத்த பெயர் கண்ணாடி மேடம். கெட்டிக்காரி, நல்லவளும்கூட. இவளை வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இவளை 'மாதிரி அக்கா' ஆக்கிவிட்டார்கள்.

கேட்கிறதிலே இத்தனை விதம் உண்டா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. நேருக்கு நேர் உட்காரக் கூடாது, கொஞ்சம் சாய்வாக உட்கார வேண்டும். எதிராளி சொன்னதை அவர் வாய்ச்சொல்லிலேயே மெதுவாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அழுதால் உடனே தேற்றக் கூடாது, காத்திருக்க வேண்டும். புத்திமதி என்ற பேச்சே கூடாது. முறையும் அடிக்கடி மாறும். ஒரு வருஷம் பிரச்சினையைத் தோண்டித் துருவச் சொன்னார்கள். மறு வருஷமே, பிரச்சினையை விடு, அவர்களிடம் என்ன பலம் இருக்கிறது என்று கேள் என்றார்கள். அதற்கடுத்து, மனபாரத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்கிற முறை வந்தது. எந்த முறை வந்தாலும் நாற்காலியில் இவள்தான். அவளுக்குக் கொடுத்த கதை, கட்டிக்கொடுத்த மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள், வீட்டில் தனியாகக் கிடக்கிறேன் என்பது. முதலில் வாய் திறக்கக் கூடாது, பிறகு கொஞ்சங்கொஞ்சமாக இளகிக் கடைசியில் அழ வேண்டும். அவளுக்கு மகளே கிடையாது, ஒரே மகன், கடல் தாண்டி இருக்கிறான். அப்படியிருந்தும், இல்லாத மகளுக்காக நன்றாகத்தான் அழுதாள்.

அழுகை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது வீட்டிலிருந்து வந்தது.

வீட்டில் அவள் புருஷன் இருந்தார். ஆலையில் லாரிகளை எடைமேடையில் ஏற்றி நிறுத்தி எடை பார்த்தவர். காலி லாரி எடை, பார லாரி எடை என்று வாழ்நாளெல்லாம் கணக்கில் ஒரு கிலோ பிசகாத மனிதர். ஓய்வுபெற்றுக் கொஞ்ச காலத்திலேயே மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் தெருவை, அப்புறம் மகன் முகத்தை. கடைசியில் அவளையும். அவள் யார் என்பதுதான் போனதே தவிர, மரியாதை போகவில்லை. கஞ்சி ஊட்டினால், "உங்களுக்கு ரொம்பச் சிரமம்," என்பார். கட்டின பெண்டாட்டியைப் பார்த்து வாங்க போங்க என்கிற மனுஷனிடம் என்னவென்று சண்டை போடுவது.

எதை மறந்தாலும் லாரியை மட்டும் மறக்கவில்லை. விடிந்தால் சட்டையை மாட்டிப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு, "லாரி நிக்குது, லாரி நிக்குது," என்று கிளம்பிவிடுவார். ஒருநாள் மழையில் பெருஞ்சாலை நடுவில் நின்று லாரிகளைக் கைகாட்டி ஓரங்கட்டச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி, வைதுகொண்டே கொண்டுவந்து விட்டுப் போனான். இன்னொரு நாள் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு நெருப்புப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் வர இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் வீடே போயிருக்கும்.

அதற்குப் பிறகுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். பழைய போர்வையைப் பட்டையாகக் கிழித்து, உள்ளே பஞ்சு வைத்து, கையில் உறுத்தாமல் இருக்க ஓரத்தை உள்மடிப்பாக மடித்து, மிஷினில் இரட்டைத் தையல் போட்டாள். ஊராருக்கு அவள் தைத்த எந்தத் துணியிலும் அவ்வளவு கவனம் வைத்ததில்லை. மையத்துக்குப் போகும்போது அவர் மணிக்கட்டை அந்தப் பட்டையால் கட்டிலில் கட்டினாள். முதல்நாள், "எதுக்குங்க இது?" என்று கேட்டார். அவள் முடிச்சைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பினாள். திரும்பி வந்ததும் முதல் காரியமாக அதை அவிழ்ப்பாள்.

மகன் வாராவாரம் போனில் பேசுவான். காப்பகத்தில் சேர்த்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பான். இவள் பேச்சை மாற்றுவாள். அங்கே போனால் அவருக்கு யார் முகமும் ஒன்றுதான், ஆனால் தனக்கு அப்படியா? அந்த வீட்டில் அந்த ஒரு மூச்சுச் சத்தமும் இல்லாமல் போனால் எப்படிப் படுத்து எழுந்திருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரை அனுப்பவும் கூடாது, கட்டவும் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு வழி யாரிடம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் ஒரு நெட்டைப் பெண். முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையில் இடித்துக்கொண்டாள். பயந்த சுபாவம். ஆனால் கேட்கிறபோது கண்ணை அப்படி இப்படி எடுக்கவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மெல்லக் கேட்டாள். 'யாரும் இல்லை' என்பதுதான் இவள் சொல்ல வேண்டியது. அன்று காலையில்தான் அவர், கட்டும்போது கையை நீட்டி, "இன்னிக்கு வேண்டாங்க," என்று கெஞ்சியிருந்தார்.

"அவர் இருக்கார்," என்றாள் தையல்காரி. "கட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன்."

நெட்டைக்கு முகம் வெளுத்தது. ஆனால் கற்றுக்கொடுத்தது காப்பாற்றியது. "கட்டிப் போட்டுட்டு வந்திருக்கீங்க," என்று அதே சொல்லைத் தணிந்த குரலில் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அந்தக் காத்திருத்தலில் தையல்காரிக்கு அணை உடைந்தது. பட்டையைத் தைத்தது, பஞ்சு வைத்தது, "எதுக்குங்க இது" என்று அவர் கேட்டது, எல்லாவற்றையும் கொட்டினாள். யாரோ ஒருத்தி கேட்கிறாள் என்கிற சுகத்தை அவள் உடம்பு மறந்தே போயிருந்தது. மணி அடித்தது. நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கண்ணாடியைப் பார்த்து, "நேரம் சரியா இருந்துச்சா மேடம்?" என்று கேட்டாள்.

கண்ணாடி மேடம் ஓடிவராத குறையாக வந்தாள். இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கேருந்துக்கா பிடிச்சீங்க இதை? எனக்கே புல்லரிச்சுப் போச்சு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றி நின்ற பிள்ளைகளிடம் மேடம் அதே மூச்சில் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஆளைக் கட்டிவைப்பது கொடுமையில் சேரும், கேள்விப்பட்டால் மேலே தெரிவித்தே ஆக வேண்டும், கட்டப்பட்டவரை அந்த வீட்டிலிருந்து பிரிக்கவும் நேரலாம் என்றாள். பிரிக்கவும் என்ற சொல் காதில் விழுந்ததும் தையல்காரி முந்திக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுல பார்த்தது மேடம்," என்றாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மதிப்பீடு என்றால் எல்லாருக்கும் ஒரே கேஸ் இருக்க வேண்டும், ஒருத்திக்குக் கடினமாகவும் ஒருத்திக்குச் சுலபமாகவும் இருந்தால் அநியாயம் என்று சொல்லி, மேடம் பழைய மகள் கதையை எடுத்துவிட்டாள். இனிமேல் இதுதான் கதை. அதே சொல், அதே இடத்தில் நிறுத்தம், அதே இடத்தில் அழுகை. மறுபேச்சில்லாமல் தையல்காரி தலையாட்டினாள்.

அப்படித்தான் அவள் தன் பாவத்தைத் தினமும் சொல்லிச் சம்பளம் வாங்க ஆரம்பித்தாள். முதலில் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு எரிந்தது. ஒருவன் பத்துக்கு எத்தனை என்றான், ஒருத்தி உங்களுடைய பலம் என்ன என்றாள், ஒருத்தி பயத்தில் காகிதக் கைக்குட்டையை முழுப் பெட்டியோடு நீட்டினாள். போகப்போக எரிச்சல் அடங்கியது. வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி, அந்த இடம் வந்தால் தொண்டை தானே அடைத்தது, கண் தானே நிறைந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. சொல்லச் சொல்லப் பாரம் குறையும் என்று மேடம் வகுப்பில் சொல்வாள். இவளுக்குக் குறைந்தது பாரமில்லை, சொல்தான். இருந்தும் வேலையை விட மனசு வரவில்லை. வேறெங்கே போய் அதைச் சொல்வாள்? படிப்பு முடிந்து நெட்டையும் அவள் கூட்டாளிகளும் ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போனார்கள். புதுப் பிள்ளைகள் வந்தார்கள், அதே கேள்வியைக் கேட்டார்கள்.

ஒரு மத்தியானம் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தாள். உள்ளறைக் கதவு திறக்கவில்லை. தள்ளினால் ஒரு விரற்கடை போய் இடித்து நின்றது. இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவர் கட்டிலையே இழுத்துக்கொண்டு கதவுவரை வந்திருந்தார். தரையெல்லாம் கட்டில்கால் தேய்த்த கோடு. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து, பட்டை மாட்டிய கையை மடியில் வைத்து, மூத்திர ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார். பஞ்சு பிதுங்கி மணிக்கட்டுத் தோல் உரிந்திருந்தது. இவளைக் கண்டதும், "கதவைத் தள்ளாதீங்க, கால்ல படும்," என்றார். யார் காலில் என்று தெரியவில்லை, ஆனால் அந்தக் குரலில் கவலை இருந்தது. தோளைக் கொடுத்து அங்குலம் அங்குலமாகக் கட்டிலைத் தள்ளி உள்ளே போனாள். துடைத்து, மருந்து போட்டு, வேறு உடுப்பு மாட்டினாள். அப்புறம் அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டு முதியோர் உதவி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மையத்துச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிற எண், பார்க்காமலே தெரியும். பிரித்தால் பிரிக்கட்டும், இனிமேல் இதை ஒற்றை ஆளாக வைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது என்று முடிவெடுத்திருந்தாள். ஒரு ஆளை அனுப்புகிறோம் என்றது குரல்.

மறுநாள் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றவள் நெட்டை.

இவளைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் ஒரு கணம் மலர்ந்து, சட்டென்று எதையோ புரிந்துகொண்ட மாதிரி ஒழுங்காகிவிட்டது. தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ளவில்லை. யாரோ புதியவளிடம் சொல்வதுபோலத் தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். நாற்காலியைச் சாய்வாகப் போட்டுக்கொண்டாள். கைகளை மடியில் பிரித்து வைத்தாள். "எங்கேருந்து ஆரம்பிக்கலாம்னு நீங்களே சொல்லுங்கம்மா," என்றாள். எல்லாம் புத்தகத்தில் இருப்பது போலவே இருந்தது.

தெரிந்த பிள்ளையே வந்ததே, அதுவும் முதலில் கேட்டவளே வந்ததே என்று தையல்காரிக்கு நிம்மதி. ஆரம்பித்தாள். "அவர் இருக்கார். கட்டிப் போட்டுட்டு..." என்று தொடங்கியதும் அவளுக்கே தெரிந்துவிட்டது. அதே சொல் வந்தது. அதே இடத்தில் நின்றது. தொண்டை அதே இடத்தில் அடைத்தது. எதிரே நெட்டை தலையாட்டிக்கொண்டிருந்தாள். அடுத்து வரப்போகிற வரியை அவள் உதடு இவளுக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தது.

தையல்காரி நிறுத்தினாள். "பொண்ணே, இது நிஜம்," என்றாள்.

நெட்டை முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது.

"தெரியும்மா. என்னை இன்னும் நிரந்தரம் பண்ணல. போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்படித்தான் சொல்லாம ஒரு பொய்க் கேஸை வெச்சு சோதிச்சாங்க. உங்களைப் பார்த்ததுமே புரிஞ்சுகிட்டேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், நடத்துங்க. நான் சரியாத்தானே போறேன்?"

தையல்காரி வேறு சொல் தேடினாள். தன் புருஷனைப் பற்றி, தன் வீட்டைப் பற்றி, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரே ஒரு சொல் கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை. இருந்ததையெல்லாம் அந்த அறையில் செலவழித்துவிட்டிருந்தாள். ஆத்திரம் வந்தது, அந்தப் பெண்மேல் இல்லை, தன்மேலேயே. எழுந்து போய் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

கட்டிலில் அவர் சட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். வாசலுக்குப் போக வேண்டியிருந்ததால் கட்டி வைத்திருந்தாள், இந்தத் தடவை மற்றக் கையை. "லாரி வந்துருச்சா?" என்றார்.

"ஐயாவும் மையத்துல..." என்று ஆரம்பித்த நெட்டை பாதியில் நின்றாள். தோல் உரிந்த மணிக்கட்டைப் பார்த்தாள். தரையில் கட்டில்கால் இழுபட்ட தடத்தைப் பார்த்தாள். எவ்வளவு கழுவினாலும் போகாத அந்த வாடை அப்போதுதான் அவளை எட்டியிருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். 

"முதல்ல என்கிட்ட சொன்னீங்களே, அன்னிக்கும் நிஜமா?"

"நிஜந்தான்."

"அன்னிக்கு எனக்குத்தான் அதிக மார்க்கு," என்றாள் நெட்டை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அது கற்றுக்கொடுத்த எந்த முறையிலும் சேராத அழுகை.

தேற்ற வேண்டியவள் அழ, அழ வேண்டியவள் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பிறகு நெட்டை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பட்டையை அவிழ்த்தாள். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், மறைக்க முடியாது என்றாள். எழுதினால் என்ன ஆகும் என்று தனக்கே தெரியவில்லை என்றாள். பகலில் மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அங்கே ஏற்கெனவே வரிசை நிற்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். பொய் நம்பிக்கை எதுவும் கொடுக்கவில்லை.

"எழுதிக்கோ," என்றாள் தையல்காரி. "எங்க அனுப்பினாலும் என்னையும் சேர்த்து அனுப்பச் சொல்லி எழுது."

நெட்டை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசியா எப்ப நிம்மதியாப் படுத்தீங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியை மையத்து நாற்காலியில் அவளிடம் யாரும் கேட்டதில்லை.  நான் இருக்கிறேன், எனக்கு இன்றைக்குப் போக வேண்டிய வேறு வீடு கிடையாது, நீங்கள் போய்ப் படுங்கள் என்று நெட்டை அவளை எழுப்பி அனுப்பினாள். தையல்காரி முன்னறையில் மிஷின் பக்கத்தில் பாயை விரித்துச் சுருண்டாள். உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்தது. தூக்கம் வரவில்லை. நடுச்சுவர் வெறும் பலகைதான், அந்தப் பக்கம் பேசுவது அப்படியே கேட்டது.

"நீங்க எந்த லாரி?" என்றார் அவர்.

"நான் லாரி இல்லீங்க. ஆபீஸ்லேருந்து வர்றேன்."

"ஆபீஸா? நல்லதாப் போச்சு." அவர் குரலைத் தணித்துக்கொண்டார், ரகசியம் சொல்கிற மாதிரி. "ஒரு விஷயம் சொல்லணும். இங்க ஒரு அம்மா இருக்காங்க. எனக்குச் சோறு போடறது, குளிப்பாட்டறது எல்லாம் அவங்கதான். நல்ல அம்மா. ராத்திரியானாலும் வீட்டுக்குப் போறதே இல்ல. நான் பார்த்துட்டேதான் இருக்கேன். தனியா உக்காந்துக்கிட்டு அழறாங்க."

கட்டில் கிறீச்சிட்டது, நெட்டை நெருங்கி உட்கார்ந்தாள் போல.

"அவங்களுக்குன்னு யாரும் இல்லபோல. என்ன ஏதுன்னு கேக்கணும்னு தினமும் நினைக்கிறேன், மறந்து போயிடுது. நீங்களாவது கேளுங்க."

"கேக்கறேங்க," என்றாள் நெட்டை.

பலகைக்கு இந்தப் பக்கம் தையல்காரி வாயில் துணியை அடைத்துக்கொண்டு, சத்தம் அங்கே போய்விடாமல் பார்த்துக்கொண்டாள். கேட்டால் அவர் கவலைப்படுவார்.